எருமையின் பாலும் கடாவின் பங்கும்



எருமையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். நம்மவர்களிடையே எருமைக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. சுறுசுறுப்பில்லாத பிள்ளையை வைய வேண்டுமானால் எருமை. எமன் ஏறி வரவும் எருமை. ஆனால் கெட்டித் தயிர் வேண்டும் என்றால் மட்டும் எருமைப்பால் எங்கே கிடைக்கும் என்று தேடிப் போகிறோம். உலகில் இன்று ஏறத்தாழ 20 கோடி எருமைகள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 11 கோடி. அந்த நாட்டில் கறக்கப்படும் பாலில் ஏறத்தாழப் பாதி எருமை கொடுப்பதுதான்.

அப்படியானால் நம் நாட்டுக் கம்பங்களில், வயலோரத்துச் சேற்றில் படுத்துக் கிடக்கிறதே அந்த எருமை, அது ஏன் பால் தருவதில்லை? கன்று குடித்தது போக ஒரு நாளைக்கு ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோ கறந்தால் அதிகம். ஒரு கறவைக் காலம் முழுவதையும் கூட்டினால் 400, 500 கிலோ தேறும். வட இந்தியாவின் முர்ரா எருமையோ, சுமார் 300 நாள் கறவையில் 1500 முதல் 2000 கிலோ வரை கொடுக்கிறது. மிகச் சிறந்தவை 3000 கிலோவையும் தாண்டுகின்றன.

தீனி போதவில்லை என்று உடனே சொல்லிவிடுகிறோம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் தீனி என்பது பானையில் ஊற்றும் தண்ணீரைப் போன்றது. பானையின் அளவைத் தீர்மானிப்பது பிறப்பு. சிறிய பானையில் எவ்வளவு ஊற்றினாலும் மிச்சம் வழிந்துதான் போகும். நாட்டு எருமைக்குப் புண்ணாக்கும் பச்சைப்புல்லும் தாராளமாகப் போட்டால் உடம்பு போடும். முர்ராவின் அளவுக்குப் பால் போடாது.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நாட்டு எருமை சாம்பல் நிறம். கொம்புகள் பிறைபோல் அகன்று பின்னோக்கி வளைந்திருக்கும். கழுத்தின் அடியில் மாலை போட்டாற்போல ஒன்றிரண்டு வெள்ளைப் பட்டைகள் தெரியும். முர்ரா கன்னங்கரேல் என்றிருக்கும். கொம்பு இறுகச் சுருண்டிருக்கும். 'முர்ரா' என்ற சொல்லுக்கே சுருண்டது என்றுதான் பொருள் சொல்வார்கள். ஹரியானாவின் ரோத்தக், ஹிசார், ஜிந்து வட்டாரங்கள் அதன் தாயகம். முன்னதைச் சேற்றெருமை என்றும் பின்னதை ஆற்றெருமை என்றும் அறிவியலார் வகைப்படுத்துகிறார்கள். ஒன்று சேற்றில் புரள்வதை விரும்பும். மற்றது ஓடும் தண்ணீரை நாடும். ஆற்றெருமை இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதியிலும், சேற்றெருமை தென் சீனமும் இந்தோசீனமும் கூடுகிற பகுதியிலும் தனித்தனியே பழக்கப்படுத்தப்பட்டவை என்று மரபணு ஆராய்ச்சி காட்டுகிறது. ஒன்றைப் பாலுக்காகவும் மற்றதை ஏருக்காகவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் பொறுக்கி வளர்த்திருக்கிறான். நீலகிரி மலையில் தோடர்கள் கோயில் மாடு போலப் போற்றும் எருமை எந்த வகை என்று கேட்பீர்களானால், அதுவும் ஆற்றெருமைதான்.

மலாயாவுக்கு முர்ரா வந்தது வட இந்தியப் பால்காரர்களோடு. நகரங்களின் ஓரத்தில் கொட்டகை போட்டு, விடியுமுன் கறந்து, வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றிய காலம் பலருக்கு நினைவிருக்கும். பக்கத்திலேயே கம்பத்து எருமையும் இருந்தது. ஆகவே இரண்டையும் கலந்தால் என்ன என்ற எண்ணம் இந்த நாட்டில் தோன்றியது இயல்பே. ஏரும் உழ வேண்டும், பாலும் வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது?

இங்கேதான் ஓர் வியப்பு காத்திருந்தது.

ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்களைச் சுமந்துகொண்டு நூலிழை போன்ற குரோமோசோம்கள் இருக்கின்றன. மனிதனுக்கு 46. முர்ரா எருமைக்கு 50. நம் சேற்றெருமைக்கோ 48. இரண்டு குறைகிறதே, எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. ஆற்றெருமையின் 4ஆம் குரோமோசோமும் 9ஆம் குரோமோசோமும் சேற்றெருமையில் நுனியோடு நுனி ஒட்டி ஒரே நீண்ட குரோமோசோமாக ஆகிவிட்டன. இரண்டு புத்தகங்களைச் சேர்த்து ஒரே அட்டைக்குள் தைத்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கங்கள் அத்தனையும் இருக்கின்றன. புத்தகத்தின் எண்ணிக்கைதான் குறைவு.

இவ்விரண்டும் கூடிப் பிறக்கும் கன்றுக்குத் தாயிடமிருந்து 24, தகப்பனிடமிருந்து 25, ஆக 49 குரோமோசோம்கள். ஒற்றைப்படை எண் என்றதும் கோவேறு கழுதை நினைவுக்கு வரும். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, இவற்றின் பிள்ளைக்கு 63. அது பெரும்பாலும் மலடு. கலப்பு எருமையும் மலடாகிவிட்டால் முயற்சியெல்லாம் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும் அல்லவா? நல்ல வேளையாக அப்படி நடக்கவில்லை. கலப்பு எருமை சினைப்படுகிறது. கலப்புக் கடாவும் கன்று கொடுக்கிறது. நீண்ட குரோமோசோம் ஒரு பக்கமும், அதற்கு ஈடான இரண்டு சிறிய குரோமோசோம்கள் மறுபக்கமும் நின்று பொருந்திக்கொள்கின்றன. எப்போதாவது பங்கீடு பிசகினால் அந்தக் கரு நிலைப்பதில்லை.

இதை ஆராய்ந்தவர்களில் நம் நாட்டில் பணியாற்றியவர்களும் உண்டு. செர்டாங்கில், அப்போது மலேசிய விவசாயப் பல்கலைக்கழகம் என்றும் இப்போது புத்ரா பல்கலைக்கழகம் என்றும் வழங்கும் நிறுவனத்தில், 1970களின் இறுதியிலும் 1980களிலும் ஆரிஃப் போங்சோ, ஜைனுதீன் முதலியோர் கலப்பு எருமைகளின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். கலப்புக் கடாக்களின் விதைகளில் சிதைந்த அணுக்கள் கூடுதலாகக் காணப்படுவதையும் ஆய்வுகள் எடுத்துக் காட்டின. இந்தப் போங்சோ பிற்பாடு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1994இல் மனிதக் கருவின் மூல உயிரணுக்களைப் பிரித்தெடுத்து உலகப் புகழ் பெற்றவர். எருமைக் கொட்டகையில் தொடங்கிய பயணம் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

கலப்பு எருமையை மீண்டும் முர்ராவோடு சேர்த்தால் 49 அல்லது 50 உள்ள கன்றுகள் பிறக்கின்றன. கலப்பையும் கலப்பையும் சேர்த்தாலோ 48, 49, 50 மூன்றும் வரும். ஒரு கன்றுக்கு 48 இருக்கிறது என்பதால் அது நாட்டு எருமையாகத் திரும்பிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மற்றக் குரோமோசோம்களில் முர்ராவின் பங்கு எவ்வளவோ இருக்கலாம். எண்ணிக்கையைக் கொண்டு பாலை அளக்க முடியாது.

முதல் தலைமுறைக் கலப்பு எருமை பாலில் இரு பெற்றோருக்கும் நடுவே நிற்கிறது. நாட்டு எருமையைப் போல் இரு மடங்கு கறப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இதைக் கண்டு மகிழ்ந்த விவசாயி, அடுத்த தலைமுறையில் திகைத்துப் போகிறார். ஒரே தாய்க்குப் பிறந்த அக்காள் எருமை குடம் நிறையக் கறக்கிறது. தங்கை எருமை செம்புகூட நிரப்பவில்லை. கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு!

காரணம் வேறு. பாலின் அளவை ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. ஆயிரக்கணக்கான இடங்களில் உள்ள சிறு சிறு வேறுபாடுகள் கூடி அதை ஆக்குகின்றன. நூறு சோழிகளைக் குலுக்கித் தரையில் வீசுங்கள். நிமிர்ந்து விழுவன நல்லவை என்று கொள்வோம். ஒரு தடவை 60 விழும், மறு தடவை 45 விழும். சோழியும் அதேதான், கையும் அதேதான். தாய் தன்னுடையதில் பாதியையும் தகப்பன் தன்னுடையதில் பாதியையும் ஒவ்வொரு கன்றுக்கும் புதிதாகக் குலுக்கித்தான் கொடுக்கிறார்கள்.

இதில் நாம் பெரும்பாலும் மறந்துவிடுவது அந்தத் தகப்பனின் பாதியைத்தான். எருமை வாங்கப் போகிறவர் மடியைப் பார்க்கிறார், காம்பைப் பிடித்துப் பார்க்கிறார், பால் நரம்பைத் தடவிப் பார்க்கிறார், இரண்டு வேளை கறந்தும் பார்க்கிறார். கடாவிடம் பார்க்க என்ன இருக்கிறது? அதற்கு மடியே இல்லை. உயரமும் பருமனும் கொம்பின் சுருளும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். கொம்பு அழகாகச் சுருண்ட கடாவின் மகள் அழகான கொம்போடு பிறக்கலாம். பாலுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

கடாவின் பாலை அறிய ஒரே நேர்வழி, அதன் மகள்களைக் கறந்து பார்ப்பதுதான். சொல்ல எளிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடா பொலிக்குத் தயாராக மூன்று வயதாகிறது. சினைக்காலம் ஆற்றெருமைக்குச் சுமார் 310 நாள். சேற்றெருமைக்கு இன்னும் அதிகம், 330 நாள்வரை. பிறந்த மகள் முதல் ஈற்றுக்கு வர மூன்றரை, நான்கு ஆண்டுகள். பிறகு அதன் கறவைக் காலம் முடிய வேண்டும். இந்தக் கடா நல்லது என்று நமக்குத் தெரியும்போது அதற்கு வயது எட்டோ ஒன்பதோ ஆகியிருக்கும். அதற்குள் அதை விற்றுவிடாமல், அல்லது அதன் விந்தை மைனஸ் 196 பாகை குளிரில் திரவ நைட்ரஜனில் சேமித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆனாலும் இந்தப் பொறுமைக்குப் பலன் பெரிது. ஓர் எருமை தன் வாழ்நாளில் ஆறு, ஏழு கன்றுகள் போடும். செயற்கை முறைக் கருவூட்டலினால் ஒரு நல்ல கடாவுக்கு ஆயிரக்கணக்கான மகள்கள் பிறக்கலாம்.

ஒரு மகளைக் கொண்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எருமைக்கு எருமை பாலில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்குதான் பிறப்பினால் வருவது. மற்றதெல்லாம் தீனி, வெயில், நோய், கறப்பவர் கை, எத்தனையாவது ஈற்று என்பவற்றால் வருவது. எருமை கூச்சமுள்ள பிராணி. ஆள் மாறினால் பால் சுரக்காது என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். மந்தையின் சராசரியைவிட 400 கிலோ கூடுதலாகக் கறக்கும் எருமைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே தரமுள்ள கடாக்களோடு சேர்த்தால், அவற்றின் பிள்ளைகள் சராசரியைவிட 400 கிலோ அல்ல, 100 கிலோதான் கூடுதலாகக் கறக்கும். கடா சாதாரணமானதாக இருந்துவிட்டால் அந்த 100 கூட 50 ஆகிவிடும். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை சேரும் 100 கிலோ சிறியதல்ல. அதற்குப் பதிவேடு வேண்டும். பல வீடுகளில், பல ஊர்களில் உள்ள மகள்களை ஒப்பிட வேண்டும்.

இதற்கு இத்தாலி ஒரு நல்ல சான்று. அங்கே நேப்பிள்ஸ் நகரைச் சூழ்ந்த கம்பானியா வட்டாரத்தில் எருமைப்பாலில் மொசரெல்லா என்ற பாலாடைக்கட்டி செய்கிறார்கள். அவர்களுடைய எருமையும் 50 குரோமோசோம் கொண்ட ஆற்றெருமைதான். முர்ராவைக் கொண்டுவந்து கலந்து பாலைப் பெருக்கினார்கள் என்று நினைக்காதீர்கள். தங்கள் எருமையையே வைத்துக்கொண்டு, மாதந்தோறும் பாலை அளந்து எழுதி, அந்த ஏட்டைக் கொண்டு கடாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று பதிவேட்டில் உள்ள அவர்களின் எருமைகள் சராசரியாக 2200 கிலோ அளவில், 8 சதவீதக் கொழுப்புள்ள பாலைத் தருகின்றன.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று முர்ராவின் சொந்த நாட்டிலேயே நடந்தது. பம்பாய், கல்கத்தா போன்ற பெருநகரங்களுக்குப் பால் வேண்டியிருந்தது. பம்பாயில் கொட்டகைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுசெல்ல 1949இல் ஆரே பால் குடியிருப்பை அரசாங்கம் அமைத்தது. நகரத்துப் பால்காரர்கள் புதிதாக ஈன்ற எருமைகளை ஹரியானா, பஞ்சாப் பக்கத்திலிருந்து இரயிலேற்றிக் கொண்டு வந்தார்கள். எதை வாங்குவார்கள்? மிகுதியாகக் கறப்பதைத்தான். நகரத்தில் தீனி விலை, இட வாடகை எல்லாம் அதிகம். கன்றுக்கு விடும் பால் நட்டக் கணக்கு. ஆகவே கன்று பெரும்பாலும் பிழைக்கவில்லை. பால் வற்றிய எருமையை மறுபடி சினையாக்கி, பத்து மாதம் சும்மா வைத்துத் தீனி போடக் கட்டுப்படாது. அது அறுப்புக்கூடத்துக்குப் போயிற்று. இப்படி ஊரில் மிகச் சிறந்த எருமை எதுவோ அதுவே, ஒன்றிரண்டு ஈற்றோடு, வாரிசு இல்லாமல் மறைந்தது. ஊரில் மிஞ்சியது யாரும் வாங்காதது. ஆண்டுக்கு ஆண்டு இப்படியே நடந்தது. பால்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய கணக்கு அவருக்குச் சரிதான். ஆனால் மொத்த இனத்தின் கணக்கை வைத்திருந்தவர் யாரும் இல்லை.

இதை உணர்ந்து ஹிசார் நகரில் 1985இல் எருமைக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1993 முதல் பல நிலையங்களை இணைத்து, மகள்களின் பாலைக் கொண்டு கடாக்களைச் சோதிக்கும் திட்டம் நடந்து வருகிறது. கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009இல் எருமைக் கன்றைப் படியெடுத்துப் பிறப்பித்தார்கள். பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. எனக்கென்னவோ அதைவிடக் கிராமத்துப் பால் அளவு ஏடுதான் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது.

கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பசும்பாலில் 4 சதவீதம் அளவில் இருக்கும் கொழுப்பு எருமைப்பாலில் 7, 8 வரை இருக்கிறது. பசுக்களில் பால் கொழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற ஒரு மரபணுவை 2002இல் அடையாளம் கண்டார்கள். சில பசுக்களிடம் அதன் கொழுப்பு மிகுந்த வடிவமும், சிலவற்றிடம் குறைந்த வடிவமும் இருந்தன. பிறகு இந்திய எருமைகளைச் சோதித்தபோது, ஆற்றெருமை, சேற்றெருமை இரண்டிலும் கொழுப்பு மிகுந்த வடிவமே காணப்பட்டது. அப்படியானால் இந்த மரபணுவைக் கொண்டு நல்ல எருமையைத் தேர்ந்தெடுக்கலாமா? முடியாது. எல்லாரிடமும் இருப்பதைக் கொண்டு ஒருவரை எப்படிப் பிரித்தெடுப்பது? வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் தேர்வுக்கு வேலை.

அந்த வேறுபாடுகளைப் படிக்க இப்போது புதிய வசதி வந்திருக்கிறது. இத்தாலிய எருமை ஒன்றின் மரபுத் தொகுதி முழுவதையும் 2017இல் வெளியிட்டார்கள். 2019இல் இன்னும் செம்மையாகப் படித்தார்கள். ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு ஏறத்தாழ 90,000 இடங்களை ஒரே தடவையில் பார்க்கும் சில்லுகளும் உள்ளன. கன்று பிறந்த வாரத்திலேயே இந்தக் கடாக்கன்றை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு குறையும். ஆனால் எந்த இடத்தில் என்ன எழுத்து இருந்தால் பால் கூடுகிறது என்பதைச் சில்லு தானாக அறியாது. ஆயிரக்கணக்கான எருமைகளின் பால் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். மறுபடியும் ஏட்டுக்கே வந்து நிற்கிறோம்.

நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸ் 1992இல் எருமைக்கென ஒரு மையத்தைச் சட்டம் போட்டு ஏற்படுத்தியது. பல்கேரியாவிலிருந்து முர்ரா எருமைகளை வரவழைத்து நாட்டு எருமையோடு கலந்தார்கள். பல்கேரியாவில் முர்ரா ஏது என்று வியக்க வேண்டாம். 1962இல் இந்தியாவிலிருந்து அங்கே போனவற்றின் வழிவந்தவை. கலப்பு ஒரு பக்கம் நடக்க, தங்கள் நாட்டு எருமையைக் கலப்பில்லாமல் தனியே பேணவும் ஏற்பாடு செய்தார்கள். இது புத்திசாலித்தனம். முழங்கால் சேற்றில் இழுக்கவும், வைக்கோலையும் கோரையையும் தின்று தேறவும் சேற்றெருமைக்கு உள்ள திறமையும் மரபணுவில்தான் இருக்கிறது. அதைக் கரைத்துவிட்டுப் பிறகு வேண்டும் என்றால் எங்கே போய்த் தேடுவது?

மலேசியாவில் டிராக்டர் வந்தபின் வயலில் எருமைக்கு வேலை போயிற்று; எண்ணிக்கையும் குறைந்து வந்திருக்கிறது. சபா மாநிலத்தில் தெலுபிட்டில் அரசாங்க எருமை இனப்பெருக்க மையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து நல்ல கடா கிடைத்தாலும், அதன் மகள்களின் பாலை எழுதி வைக்க ஆள் இல்லாவிட்டால் அது கொம்பு சுருண்ட இன்னொரு கடாதான். அதே கடாவைக் கம்பத்தில் பத்தாண்டு விட்டு வைத்தால் தன் மகள்களோடே சேர்ந்துவிடும், கன்றுகள் நலியும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து ஊரோடு கடாவை மாற்றிக்கொள்வது நல்லது.

எருமை வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எருமைக்கு ஒரு பக்கம். ஈன்ற தேதி, எத்தனையாவது ஈற்று, கன்று ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். நாள்தோறும் அளக்க வேண்டியதில்லை. மாதத்தில் ஒரே ஒரு நாள், காலையும் மாலையும் கறந்ததை அளந்து எழுதி 30ஆல் பெருக்கினால் அந்த மாதக் கணக்கு ஏறத்தாழச் சரியாக வரும். கன்று ஊட்டிய பால் இதில் சேராது என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். பக்கத்தின் தலைப்பில் தாயின் பெயர், அதற்குப் பக்கத்தில் தகப்பன் கடாவின் பெயர் அல்லது ஊசியின் எண். கடா எதுவென்று தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.